ஆறு ரூபா உப்பு

2007.09.11 – ஐஸ், 60 ரூபா.
2007.09.11 – உப்பு, 6 ரூபா.
2007.09.11 – மீன் லொறிக் கூலி, 200 ரூபா.
2008.02.26 – பதிவுத் தபால், 45 ரூபா.
2008.05.17 – ஊசி, இலவசம்.

இவை மன்னார் தாழ்வுபாட்டு மீனவப் பெண் திரேசம்மாவின் செலவுகள். நான் ஓய்வுபெற்ற உபதபாலதிபர். கொழும்புக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவிக்கவும், வருவதை வாசித்துக் கேட்கவும் அவள் என்னிடம் வந்தாள். அப்படித்தான் இந்தக் கணக்கும் என் கொப்பியில் ஏறியது.

அவளுடைய மூத்தவன் யூட்டுக்கு அப்போது ஏழு வயது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலுக்குப் போட்ட ஊசியோடு அவனுக்குக் காது போனது. திரேசம்மாவின் தம்பிக்கும் காசநோய்க்கு ஊசி போட்ட காலத்தில்தான் காது போனது. மன்னாருக்கு வந்திருந்த கொழும்புக் காது வைத்தியர் இந்த இரண்டாவது செய்தியைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்தார்.

"உங்கட தாய்வழியில ஒரு குறை இருக்கலாம் அம்மா. அது உள்ளவைக்கு இந்த வகை ஊசி காதைக் கொண்டுபோயிடும்."

அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் ஒரு சிப் இருந்தது. நகமளவு கண்ணாடித் துண்டில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மரபணுப் பிழைக்கு வைத்த பொறி. இரத்தத்திலிருந்து பிரித்த மரபணுவை அதன்மேல் விட்டால், உள்ள பிழைக்குரிய புள்ளி ஒளிரும். இந்தக் குறை தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போவது என்பதால் திரேசம்மாவின் இரத்தமே போதும். இளையவள் பெனிற்றாவுக்கு மூன்று வயது. முடிவு நாலு மாதத்தில் வரும், வந்தால் அவளுக்கான மாற்று மருந்தை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறேன் என்றார் வைத்தியர்.

போர்க்காலம் அது. திரேசம்மாவுக்குக் கொழும்பு போக இராணுவத்தின் பாஸ் கிடைக்கவில்லை. சரிபுதீனின் மீன் லொறிக்கு மட்டும் வழி இருந்தது. இரத்தம் குளிரோடு போய்ச் சேர வேண்டும். அவளுடைய கணவன் மரியதாஸ் மீன் கட்டும் ரெஜிபோம் பெட்டியில் இரத்தக் குழாயை வைத்து, ஐஸின் மேல் உப்பைத் தூவினான்.

"மதவாச்சிச் சோதனைச் சாவடியில இறக்கி ஏத்த எத்தினை மணித்தியாலமோ. வெறும் ஐஸ் கரைஞ்சுபோம்."

"மனிசியின்ர ரத்தத்தையும் பாரைக்குட்டி மாதிரியெல்லோ கட்டுறாய்" என்று சரிபுதீன் சிரித்தார். "வழியில ஆரும் விலை கேட்டால் நான் பொறுப்பில்லை மச்சான்."

"இந்த மீனை வாங்க ஆளில்லை. கொண்டு போங்கோ நானா" என்றாள் திரேசம்மா.

உப்பிட்ட ஐஸ் வெறும் ஐஸை விடக் குளிரும். மீனுக்கு அது நல்லது. ஆனால் அதன் குளிரில் இரத்தம் உறைந்து கண்ணாடிக் குழாயை வெடிக்க வைத்தது. பெட்டிக்குள் சிவப்புத் தண்ணீர்தான் இருந்ததாகக் கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் கிடைக்கவே தை மாதமாகிவிட்டது. உப்பின் விலையைக் கேட்டு எழுதிய அன்று எனக்கும் அது தோன்றவில்லை.

இரண்டாம் முறை வைத்தியர் ஒரு தடித்த தாளை அனுப்பினார். விரல் நுனியில் குத்தி, அதிலுள்ள வட்டங்களை இரத்தத்தால் நிரப்பி, காயவைத்து, சாதாரண உறையில் போட்டால் போதும்.

"கருவாடு போலயோ ஐயா?" என்று மரியதாஸ் கேட்டான்.

"வெயில் கூடாதாம்" என்றேன்.

"அப்ப அவளே செய்யட்டும். நான் தொடமாட்டன்."

திரேசம்மா கதவைச் சாத்திக்கொண்டு, ஈ விரட்டியபடி நாலு மணி நேரம் அந்தத் தாளின் பக்கத்தில் இருந்தாள்.

பிறகு காத்திருப்பு. அந்த மாதங்களில் அயலில் இரண்டு குடும்பங்கள் வள்ளத்தில் அகதிகளாக இராமேஸ்வரம் போயின. அவளையும் கூப்பிட்டார்கள். "கடிதம் இந்த விலாசத்துக்குத்தானே வரும்" என்று அவள் நின்றுவிட்டாள்.

மே பதினைந்தாம் திகதி பெனிற்றாவுக்குக் காய்ச்சல். பதினேழாம் திகதி குழந்தை கண் திறக்கவில்லை. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த வகை ஊசி மட்டும்தான் இருந்தது. மாற்று மருந்து பாதை மூடியதால் தீர்ந்து போயிருந்தது. அநுராதபுரத்துக்குக் கொண்டுபோனால், சோதனைச் சாவடியில் காத்திருப்பதைக் குழந்தை தாங்காது.

"குறை இருக்கெண்டு முடிவு வந்திட்டுதோ?" என்று, யூட்டின் கதையைக் கேட்டறிந்த இளம் டொக்டர் கேட்டார்.

"இன்னும் இல்லை ஐயா."

"நாளைவரைக்கும் பிள்ளை தாங்காது. நீங்கள்தான் சொல்ல வேணும்."

திரேசம்மா யூட்டைப் பார்த்தாள். அவன் கட்டிலருகே நின்று தங்கையின் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"போடுங்கோ" என்றாள். "கேளாட்டிலும் இருக்கட்டும்."

பெனிற்றா பிழைத்தாள். முன்பெல்லாம் மீன் வாங்க வரும் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்தால் வாசலுக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஜூன் மாதம் முழுவதும் அவள் ஓடவில்லை. முற்றத்தில் யூட் கையால் ஏதோ கேட்பான். அவள் கையால் பதில் சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள். என்ன பகிடி என்று திரேசம்மாவுக்கு விளங்காது.

கடைசியாக முடிவு வந்தது. புள்ளி ஒளிர்ந்திருந்தது. தாய்வழி உறவில் எவருக்கும் இந்த வகை ஊசி போடக் கூடாது என்று எழுதியிருந்தது. மாற்று மருந்துப் பொதி ஒன்றும் கூடவே இருந்தது. நான் வாசித்து முடிக்கும்வரை மரியதாஸ் வேலிக்கு வெளியே நின்றான்.

"தலைமன்னாரில தங்கச்சிக்கு மூண்டு பிள்ளையள்" என்றாள் திரேசம்மா. "மூண்டு பிரதி எழுதித் தாங்கோ ஐயா. வந்த திகதியையும் போடுங்கோ."

போட்டேன். 2008.07.03.