எதுவரை என்ற கட்டம்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கழிந்த பிறகும், அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்த பிறகும், அவள் புதுசுதான். "ஏ புதுசு, அந்த வண்டியத் தள்ளு" என்றால் அவள்தான் திரும்பிப் பார்ப்பாள். நாட்டுக்கே புதிதாக வந்தவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இனி வேறு யாராவது கப்பலேறி வந்தால்தான் கழன்று போகும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் விட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. உருளையிலிருந்து வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும். எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர வேண்டும். அதனால் அங்கே எந்தப் பேச்சும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். அவளுக்கு எதிர்முனை பிடிப்பவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர். வழக்காடாமல் ஒரு விரிப்பைக்கூட மடிக்க மாட்டாள்.

"சம்பளச் சீட்டு வாங்கிட்டியா?" என்றாள் வக்கீலம்மா, முனையை நீட்டியபடி.

"வாங்கினேன். வாங்காமலே இருந்திருக்கலாம்."

விலகினார்கள். சேர்ந்தார்கள்.

"எவ்வளவு புடிச்சிருக்கான்?"

"கேக்காதீங்க அக்கா, வயிறு எரியுது. போன மாசம் முழுக்க சாயங்கால ஷிப்டும் பாத்தேன். இடுப்பு ஒடிஞ்சுது. சீட்டைப் பாத்தா, பாதி ஓவர்டைம் காசை வரியே தின்னுடுச்சு."

"அதான் சொல்றேன், நீ அரசாங்கத்துக்குத்தான் மடிக்கிற. அதிகமா உழைச்சா அதிகமா புடுங்குவான். பேசாம சும்மா இரு."

சும்மா இருந்தால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது என்பதை வக்கீலம்மா சொல்லவில்லை. அதற்குள் அடுத்த விரிப்பு வந்துவிட்டது.

அவள் சம்பளத்தில்தான் நாலு பேர் வயிறு நிறைந்தது. காலை ஷிப்டு சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். வாடகைக்கு சாயங்கால ஷிப்டும் பார்த்தாக வேண்டும். சாயங்கால ஷிப்டு பார்த்தால் பிள்ளைகளை விழித்த நிலையில் பார்க்க முடியாது. சின்னவன் வாரத்தில் பாதி நாள் அம்மாவை முதுகுப் பக்கமாகத்தான் அறிவான், காலையில் செருப்பு மாட்டும்போது. பெரியவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சேர்த்து வைத்து விடுமுறை நாளில் மொத்தமாகக் கொட்டுவாள். பாதியிலேயே அம்மா கண் சொக்கிவிடுவாள். பெரியவள் அதற்குப் பிறகு நாளெல்லாம் பேச மாட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் அந்தச் சீட்டில் இருந்த ஒரே ஒரு வரி. அது ஏன் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில வருஷம் அப்படித்தான் என்றார் வீட்டுக்குக் கீழே டயர் கடை வைத்திருப்பவர். முதலாளியே சுருட்டுகிறான் என்றாள் வக்கீலம்மா. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அவள் கணவன் சொன்னதுதான்.

கணவன் சொந்த நாட்டில் இருபது வருஷம் லாரி ஓட்டியவன். இந்த நாட்டில் அந்த லைசென்ஸ் செல்லாது. புதிதாகத் தேர்வு எழுதினான், ஓட்டியும் காட்டினான். இரண்டு முறை தவறினான். ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்தானாம். "மலைப்பாதையில ஒத்தக் கையால இறக்கினவன் நான். இவன் பால்குடி. இவன் எனக்கு மார்க் போடறான்" என்று தேர்வு வைத்தவனைத் திட்டித் தீர்த்தான். ஆனால் வீட்டு வேலையில் குறை சொல்ல முடியாது. சமைப்பான், துவைப்பான், பெரியவளுக்குத் தலை பின்னுவான். சரக்குக்குக் கயிறு போட்ட கை. அவன் பின்னிய சடை மறுநாள்வரை அவிழாது.

சம்பளச் சீட்டு வந்ததும் அவன்தான் முதலில் வாங்கிப் பார்ப்பான். ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்குவான்.

"இது முன்பணம் மாதிரி. வருஷக் கடைசியில மொத்தமா திருப்பித் தந்துடுவான்."

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா? உலக நடப்பு தெரிய வேணாமா?"

உலக நடப்பு தெரிந்தவனிடம் மேற்கொண்டு என்ன கேட்பது! அவள் கடைசியில் சம்பளக் கணக்கு ஜன்னலுக்கே போனாள்.

அந்த ஜன்னல் மதிய இடைவேளையில் மட்டும் திறக்கும். முதல் நாள் அவள் முறை வரும்போது, அங்கே உட்கார்ந்து சம்பளம் போடும் கணக்கம்மா சாப்பிடப் போய்விட்டாள். அடுத்த நாள் கம்ப்யூட்டர் சாப்பிடப் போய்விட்டது. அதற்கடுத்த நாள் முன்னால் நின்றவர் தன் சீருடைக்குப் பிடித்த காசைப் பற்றிக் கணக்கம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தார், மணி அடிக்கும்வரை. இப்படியாக ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை வரிசையில் நின்றே விழுங்கிய பிறகு ஒருநாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கணக்கம்மாவின் முகம் தெரிந்தது.

கணக்கம்மா திரையைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கிறார்?"

"இப்போதைக்கு எங்கயும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு, பிள்ளைங்களைக் காப்பாத்துறது அவர்தான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"அவர்தானே வீட்டுக்குப் பெரியவர்."

கணக்கம்மா கண்ணாடியையே கழற்றிவிட்டாள்.

சேர்ந்த அன்றைக்குக் கொடுத்த விண்ணப்பம் அது. குடும்பத்தைப் பராமரிப்பவர் யார் என்று கேட்டிருந்தது. வேறு யார் பெயரை எழுதுவாள்? கல்யாணமான நாளிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் முதல் கட்டம் அவனுக்கு என்றுதான் அவள் கை பழகியிருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: ஊர்விட்டு வந்து வேலையில்லாமல் நிற்கிறவனை எழுத்திலும் இறக்கி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இங்க பாருங்க," என்றாள் கணக்கம்மா. "ஒவ்வொருத்தர் சம்பாத்தியத்துலயும் ஒரு பங்குக்கு வரி கிடையாது. வீட்டுக்காரர் சம்பாதிக்கலைன்னா அவர் பங்கையும் நீங்க எடுத்துக்கலாம். பிள்ளைங்களுக்குத் தனியா வரிக் கழிவு இருக்கு. நீங்க எல்லாத்தையும் அவர் பேர்ல எழுதிட்டீங்க. சம்பளம் வாங்காத ஆள் பேர்ல அது சும்மா கிடக்குது. கம்ப்யூட்டர் கணக்குல நீங்க தனிக்கட்டை. தனிக்கட்டைக்கு உள்ள வரியைப் புடிக்குது."

"அப்ப முதலாளி சுருட்டலையா?"

"முதலாளி சுருட்டறதா இருந்தா இவ்வளவு ஒழுங்கா அச்சடிச்சுத் தரமாட்டார்."

"ஓய்வு நிதி, மருத்துவம்னு புடிக்கிறதெல்லாம்?"

"அது எல்லாருக்கும் உண்டு. அதைத் தொட முடியாது. வரியை மட்டும் சரி பண்ணலாம். பண்ணினா நீங்க சாயங்கால ஷிப்டே பாக்க வேணாம்."

ஒரு வருஷம் இடுப்பொடிந்ததற்கு விளக்கம் இவ்வளவுதான். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கணக்கம்மா ஒரு தாளை நீட்டினாள். "இதுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று கணக்கம்மா சொன்னது அவள் கணவனைத் தெரியாததால்.

தாளில் ஒரு வாக்கியம் இருந்தது: 'எனக்கு வருமானம் இல்லை. நான் என் மனைவியின் வருமானத்தில் வாழ்கிறேன்.' அவன் அதை வாய்விட்டுப் படித்தான். பிறகு வாய்விடாமல் படித்தான்.

"இதை யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்தான்."

"அடுத்த மாசம் எனக்கு லைசென்ஸ் வந்துடும். எதுக்கு அவசரம்?"

"வந்தப்புறம் மாத்திக்கலாமாம். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாமாம்."

"பேனா எங்க?"

"உங்க கையில."

"இது சரியா எழுதாது."

தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்று பேனா இல்லை. மறுநாள் கண் வலித்தது. அதற்கடுத்த நாள் நிதானமாகப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கமில்லை என்றான். ஒரே வாக்கியத்தை எத்தனை நிதானமாகத்தான் படிப்பது! அவள் எதுவும் கேட்காமல் தட்டுகளை ஓசையாகக் கழுவினாள். அந்த வீட்டில் தட்டுகளின் ஓசைக்கு எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். பெரியவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஒரு காலையில் தாள் நாலாக மடிந்து அவள் பைக்குள் கிடந்தது. விரித்துப் பார்த்தாள்: கீழே கையெழுத்து. மேலே பார்க்கத் தோன்றவில்லை. பார்த்தால் அவனை வேவு பார்ப்பது போலிருக்கும் என்று அப்படியே கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சம்பளம் அந்த வரி பிடிக்காமல் வந்தது. அவள் அன்றே மேற்பார்வையாளரிடம் போய் சாயங்கால ஷிப்டிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னாள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுப் படியேறியவளைப் பார்த்து சின்னவன், "இன்னைக்கு லீவா? ஒடம்பு சரியில்லையா?" என்றான். பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள், அம்மா தூங்கவில்லை. இன்னொன்றைச் சொன்னாள். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் தட்டுகள் மெதுவாகக் கழுவப்பட்டன.

அதற்கடுத்த மாதச் சீட்டில் பழைய வரி அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் ஜன்னலுக்கு ஓடினாள். "மேடம், என்ன மேடம் இது? பைத்தியமே புடிக்கும் போல இருக்கு!"

கணக்கம்மா கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவி அவள் பக்கம் திருப்பினாள். 'எப்போதிலிருந்து' என்று ஒரு கட்டம். பக்கத்தில் 'எதுவரை' என்று ஒரு கட்டம். எதுவரையில் போன மாதக் கடைசித் தேதி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

"அதுக்குள்ள வேலை கிடைச்சுடும்னு எழுதியிருக்கார். கம்ப்யூட்டர் நம்பிடுச்சு."

உலகத்தில் அவனை அப்படியே நம்பியது அது ஒன்றுதான் போலிருந்தது.

அன்றைக்கு வீட்டில் தட்டுகள் கழுவப்படவே இல்லை.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"கட்டம் இருந்துது. எழுதினேன்."

"கட்டம் இருந்தா எழுதிடுவீங்களா? மூணாவது டெஸ்ட் என்ன ஆச்சு? ரிசல்ட் வரலை, ரிசல்ட் வரலைன்னு சொல்றீங்களே, அவங்க என்ன அஞ்சல்ல ஆமை மேல ஏத்தி அனுப்பறாங்களா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கே சொல்லிட்டான்."

"என்னன்னு?"

"ரெண்டு கையாலதான் பிடிச்சேன். சத்தியமா. பின்னாடி வர்ற வண்டியக் கண்ணாடியில பாக்கலைன்னுட்டான்."

"டெஸ்ட் போனா போகுது. அதை ஏங்க என்கிட்ட மறைச்சீங்க? நான் ஒரு மாசமா பிள்ளைங்ககிட்ட, இனிமே அம்மா சாயங்காலம் வீட்லதான்னு சொல்லிட்டிருக்கேன். இப்ப நான் போய் என்ன சொல்லட்டும்? அப்பா ஒரு தேதி எழுதினார், அது முடிஞ்சு போச்சுன்னா?"

"முடிவில்லாம உன் காசுல வாழறேன்னு எப்படி எழுதறது?" என்றான் அவன். குரல் உயரவில்லை. "ஒரு தேதி இருந்தா, சரி, அதுவரைக்கும்தானேன்னு கையெழுத்துப் போட முடிஞ்சுது. இல்லேன்னா கை வரலை."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபத்தை அது கொஞ்சமும் குறைக்கவில்லை. "நான் ஒரு வருஷமா தேதி போடாமத்தானே உருளை முன்னாடி நிக்கிறேன்?" என்றாள்.

மறுநாள் மதியம் ஜன்னல் வரிசையில் அவள் நின்றபோது அவன் வந்து பக்கத்தில் நின்றான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். அவள் வரச் சொல்லவில்லை. பின்னால் நின்ற வக்கீலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவர்தானா அந்த எதுவரை?" என்றாள். செய்தி அதற்குள் கூடம் முழுக்கப் பரவியிருந்தது.

"நான்தாங்க," என்றான் அவன்.

வக்கீலம்மா வாழ்க்கையில் முதல்முறையாக மேற்கொண்டு வழக்காடவில்லை.

கணக்கம்மா புதுத் தாளை நீட்டினாள். அவன் நின்றபடியே எழுதினான்: பெயர், பிள்ளைகள், எப்போதிலிருந்து. பேனா அடுத்த கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. பிடுங்கி நாமே எழுதிவிடலாமா என்று அவளுக்குக் கை துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"இதுக்கு என்ன எழுதணும்மா?"

"தெரிஞ்சா எழுதுங்க," என்றாள் கணக்கம்மா. "தெரியலைன்னா காலியா விடுங்க. நிறையப் பேர் காலியாத்தான் விடறாங்க."

"தெரியலை," என்றான் அவன். கட்டத்தைத் தாண்டிப் போய், கீழே முழுப் பெயரையும் இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

"அடுத்த மாசச் சம்பளத்துல சரியாகிடும்," என்றாள் கணக்கம்மா. "ஏற்கெனவே புடிச்சதை வருஷக் கடைசியில கணக்கு பாத்துத் தருவாங்க. எழுதிக் கேக்கணும். அதுக்கு வேற தாள்."

"அப்ப இந்த மாசம்?"

"இந்த மாசம் புடிச்சது இப்போதைக்குக் கைக்கு வராது."

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். வாடகைக்கு வேறு வழியில்லை. அங்கிருந்தே மேற்பார்வையாளர் மேசைக்குப் போய் சாயங்கால ஷிப்டில் பெயரைத் திரும்ப எழுதினாள். அவன் வாசல்வரை கூடவே வந்தான்.

"ஒரு மாசம்தானே," என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க இனிமே தேதி சொல்லாதீங்க."

"சரி, சொல்லலை." வெளிக்கதவைத் திரும்பிப் பார்த்தான். "சாயங்கால ஷிப்டுக்கு நடுவுல இடைவேளை உண்டா?"

"உண்டு. ஏன்?"

"பிள்ளைங்க ரெண்டு பேரையும் வாசல் கேட்டுக்குக் கூட்டிட்டு வரேன். நீ சாப்பிடறப்ப பேசிட்டிருக்கட்டும்."

உள்ளே மணி அடித்தது. உருளையின் முன்னால் வக்கீலம்மா விரிப்பின் இரண்டு முனைகளையும் தானே பிடித்துக்கொண்டு இவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"டயர் கடைப் பக்கம் நின்னு கதை பேசிட்டு லேட்டா வராதீங்க," என்றாள் அவள், உள்ளே நடந்துகொண்டே. "ரொம்ப நேரமெல்லாம் விடமாட்டாங்க."