சனிக்கிழமைச் சோறு

அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், என் தம்பி, அரிசி மண்டி முதலாளி, அவர் சம்சாரம். அப்புறம் நாய். எல்லாரும் கூடினதே அதுக்காகத்தான் என்பதால் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதுக்கு ஒரு பேர் இருந்தது. சனிக்கிழமை வந்து சோறு போட்டுப் போன ஒருத்தர்கூட அந்தப் பேரை என்னிடம் கேட்டதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. முன் அறையே மளிகைக் கடை. கடையை அவர் பார்க்கிறார், வீட்டையும் கவலையையும் நான் பார்க்கிறேன். நான் பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைக்கிற ஆள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. அதனால் தெரியாதது எல்லாவற்றுக்கும் பயப்படுவேன்.

தம்பி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வீட்டு லேப்ரடார் தெருநாயோடு சேர்ந்து குட்டி போட்டிருக்கிறது என்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நெஞ்சில்கூட ஒரு வெள்ளை முடி கிடையாது. நகம்கூட கறுப்பு. அன்றையிலிருந்து என் பயத்துக்கெல்லாம் அது ஒன்றே போதும் என்றாகிவிட்டது. ஊசி போடும் தேதிக்குக் காலண்டரில் வட்டம் போட்டேன். மழை விட்டால் கால் விரல் இடுக்கு இடுக்காக உண்ணி தேடுவேன். வெங்காயத் தோல் கீழே விழுந்தால் ஓடிப்போய்ப் பொறுக்குவேன், அது நாய்க்கு ஆகாது என்று போனில் பார்த்திருந்தேன். கேட் கொக்கியைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று திரும்ப வந்து பார்ப்பேன். கால்நடை டாக்டருக்கே நான் டாக்டர் என்று வீட்டுக்காரர் வருகிற வாடிக்கையிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தீனி விஷயம் ஒரு வாடிக்கைக்காரரால்தான் ஆரம்பித்தது. அவருக்குச் சனி சரியில்லையாம். சனிக்கிழமை கறுப்பு நாய்க்குச் சாப்பாடு போட்டால் சரியாகும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். தெருவில் கறுப்பு நாய் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கடிக்க வரும். எங்களுடையது குளித்து, பெல்ட் போட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் இருக்கிறது. அவர் எங்கள் கடையிலேயே பிஸ்கட் வாங்கி, எங்கள் நாய்க்கே போட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை அவர் மச்சானும் வந்தார். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். எண்ணெய் தடவின சப்பாத்தி, வெல்லம், தயிர்சாதம், கிரீம் பிஸ்கட். கடையில் பிஸ்கட் மற்ற நாளைவிட சனிக்கிழமைதான் ஜாஸ்தி ஓடியது. வீட்டுக்காரர் நாயைக் காட்டி, எனக்கு பார்ட்னர் கிடைத்துவிட்டான் என்பார்.

நான் பார்த்தது பெல்ட்டை. மாட்டுகிற ஓட்டை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது. முன்னெல்லாம் வாசல் சாக்கடையைத் தாவிவிடும். இப்போது அதன் முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் என் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்து, எலும்பு தட்டுப்படுகிறதா என்று கேட்டார். தட்டுப்படவில்லை. மெத்தை மாதிரி இருந்தது. தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், எண்ணெய், நெய், இனிப்பு எதுவும் ஆகாது, தினமும் நடக்க விடு என்றார். இப்படியே போனால் ஒரே ஒரு வேளை எண்ணெய்ச் சோறு போதும், கணையம் வெந்துவிடும் என்றும் சொன்னார். கணையம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி என் வயிற்றையே தடவித் தடவிப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் விடியற்காலம் தம்பி ஆட்டோவில் தேவனாம்பட்டினம் போய் மணலில் நடத்துவேன். வலை பிரிக்கிறவர்கள், நாயை வாக்கிங் கூட்டிவந்த டீச்சரம்மா என்று கிண்டல் பண்ணுவார்கள். நான் டீச்சர் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். அது கொஞ்ச தூரம் நடந்து நாக்கைத் தொங்கப் போட்டு உட்காரும். உட்கார்ந்தாலும் பரவாயில்லை, மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். வாரம் முழுக்க நான் மணலில் குறைத்ததைச் சனிக்கிழமை வந்து ஏற்றிவிட்டுப் போவார்கள்.

பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து, ‘நாய்க்கு எதுவும் போடாதீங்க’ என்று எழுதிக் கேட்டில் கட்டினேன். என் கையெழுத்து கோணல்தான், ஆனால் படிக்க முடியும். மறுநாள் பார்த்தால் அதே அட்டையைத் திருப்பி, ‘முட்டை உண்டு’ என்று எழுதி மாட்டியிருந்தார் என் வீட்டுக்காரர்.

நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை, மண்டி முதலாளி சம்சாரத்தோடு காரில் வந்து இறங்கினார். புவனகிரியில் அவருக்கும் பங்காளிக்கும் நிலத் தகராறு, கேஸ் நடக்கிறது. அவருடைய ஜோசியர் சொன்னது பெரிய பரிகாரம். எள்ளுச்சாதம், நல்லெண்ணெய் மிதக்க. நெய்யில் சுட்ட உளுந்து வடை. சோறு நாய் இருக்கிற வீட்டிலேயே பொங்கினதாக இருக்க வேண்டும். நாய் தானாகப் போதும் என்று விலகும்வரை போட வேண்டும். லேப்ரடார் ரத்தம் ஓடுகிற நாய் எந்தக் காலத்தில் போதும் என்று விலகியிருக்கிறது? இதை அந்த ஜோசியருக்கு யார் போய்ச் சொல்வது?

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அந்தம்மா என்னைப் பார்க்காமல் வடைத் தூக்கைத் திறந்துகொண்டே கேட்டார்:

“அப்ப எங்க சனி எங்ககிட்டயே இருக்கட்டும்ங்கறியா?”

கடைக்கு அரிசி அவர் மண்டியிலிருந்து கடனுக்கு வருகிறது. வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்து, மொதலாளி வெயில்ல நிக்கறாரு, உள்ள போய் உலைய வைய்யி என்றார். தம்பி சமாதானம் பண்ண வந்தான். “ஒரு நாளுதானக்கா. கல்யாண வீட்டுல மாமா சாப்புடற சாப்பாட்டுக்கு அவரு என்ன செத்தாப் போயிட்டாரு?” எல்லாரும் சிரித்தார்கள். கடை மூட்டையிலிருந்து அரிசி எடுத்து நான்தான் பொங்கினேன்.

அது சாப்பிட்டது. எப்படிச் சாப்பிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தூக்கு காலியானதும் அந்தம்மா அதன் நெற்றியில் மஞ்சள் வைத்தார். கார் கிளம்பிப் போனது.

மத்தியானமே வாந்தி ஆரம்பித்தது. அப்புறம் முன்னங்காலை மடக்கி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. சாமி கும்பிடுகிறது பார் என்றார் வீட்டுக்காரர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அது வயிற்றுவலி தாங்காமல் நிற்கிற நிலை என்று நான் போனில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் டாக்டர் வெளியூர் போயிருந்தார். போனில் கேட்டுவிட்டு, ஸ்கேனும் டிரிப்ஸ் வசதியும் உள்ள சிதம்பரம் கிளினிக் ஒன்றுக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். ஆட்டோவில் நானும் தம்பியும். அதன் தலை என் மடியில். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தரம் வாந்தி. வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் முனகியது. வெள்ளாற்றுப் பாலத்தில் தம்பி திரும்பிப் பார்க்காமல், “அக்கா, நான் சிரிச்சிருக்கக் கூடாது” என்றான். நான் முந்தானையால் அதன் வாயைத் துடைத்தேன்.

சிதம்பரத்தில் சின்ன வயசு டாக்டரம்மா. என்ன சாப்பிட்டது என்று கேட்டார், சொன்னேன். இவ்வளவு எண்ணெய் யார் கொடுத்தது என்று கேட்டார். பரிகாரம் என்றேன். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணையம்தான் என்றார். வீட்டுக்காரர் கடையிலிருந்து முதலாளிக்குப் போன் பண்ணியிருக்கிறார். அவரும் பெருந்தன்மையாக, வைத்தியச் செலவை அரிசி பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை என் குரலுக்குத் தலையைத் தூக்கியது. டிரிப்ஸ் ஏறுகிற காலை நீட்டியபடியே என் கையை நக்கியது. பிழைத்துவிடும் என்று நினைத்தேன். எப்போதும் கெட்டதையே நினைக்கிற நான், அந்த ஒரு நாள் மட்டும் நல்லதை நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் போய்விட்டது. சாக்கில் சுற்றி, வந்த வழியே கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். தூக்கும்போது என் கை தானாக அதன் விலாவைத் தடவியது. அப்போதும் எலும்பு தட்டுப்படவில்லை.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி கடைக்கு வந்தார். பங்காளி சமாதானத்துக்கு வந்துவிட்டானாம். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பின்பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என் கண்டத்த அது வாங்கிக்கிச்சும்மா. நல்ல ஆத்மா.”

துக்கம் விசாரிப்பதாகத்தான் அவர் நினைத்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். இன்னொரு கறுப்புக் குட்டி வாங்கிக் கொள்ளுங்கள், விலை அவருடையது, தீனியும் அவருடையது, சனிக்கிழமை மட்டும் அவருக்கு. அப்படி வளர்த்தால் வைத்தியச் செலவு என்ன, பழைய பாக்கி மொத்தத்தையுமே மறந்துவிடுகிறேன் என்றார். வீட்டுக்காரர் கண்ணில் அந்தத் தொகை தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்லவில்லை, கடை நடத்துகிறவருக்கு அது பெரிய பாரம். நல்லா யோசிச்சு சொல்லு என்றார் வீட்டுக்காரர்.

யோசிக்க என்ன இருக்கிறது? இன்னொன்று வந்தால் அதுக்கும் நான் உண்ணி பார்ப்பேன், ஊசி போடுவேன், மணலில் நடத்துவேன். எல்லாம் ஒரு சனிக்கிழமைக்காக.

“வேணாங்க. உங்க கண்டத்த இனிமே நீங்களே வச்சுக்கங்க,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பரிகாரம் வேற, யாவாரம் வேற என்றார். வைத்தியச் செலவைக் கழிக்கிற பேச்சும் அதோடு போனது. கிளினிக்குக்கு என் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தோம். வீட்டுக்காரர் ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை இப்போதும் ஆள் வருகிறார்கள். நாய் இல்லை என்றதும், வேற எங்க கறுப்பு நாய் இருக்கு என்று என்னிடமே கேட்கிறார்கள். பின்தெருவில் ஒரு வீட்டில் கறுப்புக் குட்டி வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரம்மாவிடம் போய், சனிக்கிழமை கேட்டைப் பூட்டுங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பொறாமை என்று சொல்லியிருக்கிறார்.

மண்டியிலிருந்து வாராவாரம் ஆள் அனுப்புகிறார்கள். கொடுத்ததெல்லாம் போக இன்னும் நாங்கள் தரவேண்டியது, அன்றைக்கு நான் பொங்கின அரிசியும் சேர்த்து, பதினோராயிரத்து நானூறு ரூபாய்.