ஷட்டர் இல்லாத தண்ணீரில் ஒரு செம்பல்லி

மூணாறு பக்கத்து மலையில் இருந்துகொண்டு, தூண்டிலோடு வடகேரளக் கடலோரம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். தகவல் சரியாகத்தான் இருக்கும்.

போன நவம்பரில் போனோம். என் மனைவியின் தம்பி செல்வினுக்காகப் போன பயணம் இது. சூரியநெல்லியில் அவனுக்கு ஒரு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று அவரவர் கையால் விளைவித்ததையோ பிடித்ததையோ கொண்டுவந்து மேஜையில் வைப்போம். ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள். கடையில் வாங்கியது ஆகாது. முந்தின வருடம் அழுகல் விழுந்து தோட்டம் போனதில் செல்வின் வெறுங்கையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். போன வருடமும் காய் இல்லை. சும்மா இருப்பானா? “கடல் மீன் பிடிச்சு வைக்கிறேன்” என்று சபையில் எழுந்து சொல்லிவிட்டான். கைபேசியில் வீடியோ பார்த்து, ரீல் வைத்த தூண்டிலும் இரையாக மாட்டுகிற ரப்பர் மீனும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான்.

திட்டம் போட்டது நான். ஆனையிறங்கல் அணை ஓரத்தில் இருபது வருடம் தூண்டில் போட்டவன், எனக்குத் தெரியாத தண்ணீரா?

புதன்கிழமை காலை 5.30க்கு ஜீப். மூணாறு 24 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். 6.45க்கு ஆலுவா பஸ்; 110 கிலோமீட்டர், தலைக்கு 165 ரூபாய். 12.50க்கு ரயில் ஏறி இரவு 7.20க்குப் பையனூரில் இறங்கினோம். லாட்ஜ் 900 ரூபாய். அங்கிருந்து காயல் 7 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 180. படகுக்காரர் ராகவேட்டன், அறுபது வயது, ஆறு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய்.

அணையில் மீன் விடியலில்தான் வாய் வைக்கும். அதனால் வியாழன் காலை ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். கடலும் காயலும் சேருகிற வாயில் படகை நிறுத்தினார். எறிந்தோம், இழுத்தோம், எறிந்தோம். ஒன்பது மணிக்குப் பார்த்தால் தண்ணீர் பாதி இல்லை. பத்தரைக்குப் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது.

“ஏட்டா, எந்த டேம்ல ஷட்டரைத் தெறந்துட்டாங்க?” என்று கேட்டேன்.

 அவர் அரைத் தமிழில் சொன்னார்: “இவிடெ டேமும் இல்லா, ஷட்டரும் இல்லா. இங்க தண்ணியத் தெறக்கிறது சந்திரன். காலையில எறங்கும், உச்சைக்கு மேல ஏறும். ஏறும்போதுதான் மீன் உள்ள வரும்.”

“இதை நேத்தே சொல்லக் கூடாதா?”

“நீங்க போன்ல பெரிய ஆள் மாதிரி அஞ்சு மணின்னு சொன்னீங்க. தெரிஞ்சு சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

மத்தியானம் அவருக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் பன்னிரண்டரைக்கு வரச் சொன்னார். அதே மறுநாள் 3.10க்குத்தான் எங்களுக்குத் திரும்புகிற ரயில், முன்பதிவு செய்தது.

லாட்ஜில் செல்வின், “மச்சான், சபையில என்னத்தைச் சொல்ல?” என்றான்.

“ஒரு பூசணிக்காய் வாங்கிச் செதில் வரைஞ்சிருவோம் மாப்ள.”

அவன் சிரிக்கவில்லை. என் வாய்க்கும் ஒரு நேரம் காலம் வேண்டும்தான்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அது வேறு இடமாகிவிட்டது. பொடிமீன் கூட்டம் உள்ளே வந்தது. பெரிய மீன், உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் செடிகளின் வேருக்குள் ஒளிந்து காத்திருக்கும் என்று ராகவேட்டன் அங்கே கொண்டுபோனார். ஒன்றே முக்கால் ஆனது.

“மாப்ள, மூணு பத்துக்கு வண்டி. இப்ப கிளம்புனாதான் சரி.”

“வண்டி போகட்டும் மச்சான்.”

இரண்டு இருபதுக்குத் தூண்டில் வளைந்து ரீல் கத்தியது. மீன் வேருக்குள் ஓடப் பார்த்தது. ராகவேட்டன் கழியை ஊன்றிப் படகைப் பின்னுக்குத் தள்ளினார். நான் பதறிப்போய் தூண்டிலைப் பிடிக்கப் போனேன்.

“கையை எடுங்க மச்சான். உங்க விரல் பட்டா மேஜைக்கு ஆகாது.”

ராகவேட்டன் நீட்டிய கைவலையையும் வாங்கி, ஒரு கையில் தூண்டிலோடு அவனே கோரினான். செம்பல்லி, உடம்பெல்லாம் செம்பு நிறம். தராசில் இரண்டு கிலோ எண்ணூறு. செல்வின் படகுக்குள் கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயில் போய்விட்டது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஆறு மணி வண்டியில் பொதுப்பெட்டியில் நின்றபடி வந்தோம். ஆலுவாவில் ஐஸ் மாற்றினோம். சனி மத்தியானம் வீடு.

ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை மேஜையில் வாழைத்தாருக்கும் சேனைக்கும் நடுவில் செம்பல்லி கிடந்தது. வைத்தவன் தன் பொருளை ஏலம் கேட்கக் கூடாது. நான் 1,800 வரை கேட்டேன். எஸ்டேட் மேஸ்திரி 2,000க்குக் கொண்டுபோனார். “ருசி பார்க்காம போச்சே மாப்ள” என்றேன்.

“மேஜையில கெடந்துச்சுல்ல, அது போதும்” என்றான்.

இனி போகிறவர்களுக்கு. லீவு நாளைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். முதலில் படகுக்காரரிடம் தண்ணீர் ஏறும் நேரத்தைக் கேளுங்கள், பிறகு லீவு எழுதுங்கள். மழைக்காலம் வேண்டாம். தொப்பி, குடிதண்ணீர், மாற்றுக்குத் தூண்டில் நரம்பு கட்டாயம். திரும்புகிற டிக்கெட்டை அடுத்த நாளைக்குப் போடுங்கள். மீன் வாய் வைக்கிற நேரத்தில் ரயில் நேரம் சொல்லுகிற ஆளைக் கூட்டிப் போகாதீர்கள். செல்வின் கூட்டிப் போனான். நல்லவேளை, அவன் அந்த ஆள் பேச்சைக் கேட்கவில்லை.