கிளைப்பாதையில் நின்றவள்

லூ கெங்ஷெங் முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தாவோ மலையில் சுமை தூக்கியவர். உச்சிக் கோயிலின் செங்கல், அரிசி, விளக்கெண்ணெய் எல்லாம் அவர் காவடிக் கம்பில் ஏறியவைதான்.

மலையை இயற்கைப் பூங்காவாக அறிவித்த பிறகு, சரிவிலிருந்த கல்லறைகளை வசந்தத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் மனைவி மெய்ச்சுன் ஒன்பது வருஷமாக அங்கேதான் கிடந்தாள்.

அடிவாரத்துப் புதிய இடுகாட்டுக்கு எலும்பைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. வளைவுக்கு வளைவு, பாலத்துக்குப் பாலம் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு கீழே வந்து சேரும். அவள் வழி தெரியாமல் மலையிலேயே நிற்பாள்.

எலும்புகளைச் சுற்றிய சிவப்புத் துணி மூட்டையைக் கம்பின் ஒரு முனையில் கட்டினார். எடை சமமாக இருக்க மறுமுனையில் மண்வெட்டியை மாட்டினார். மண்வெட்டிதான் கனத்தது.

வழியில் பழைய கூட்டாளி ஷியா எதிர்ப்பட்டான்.

“கல்யாணத்தன்னிக்கு உன்னைவிட அண்ணிதான் கனம். இன்னிக்கு என்னண்ணே, அவங்கள சுமந்தும் வெறுங்கையா போற மாதிரி போற?” என்றவன், அவர் முகத்தைப் பார்த்ததும் கம்பின் பின்முனையைச் சற்று தூரம் பிடித்துக்கொண்டு வந்தான்.

சுற்றுலாக்காரர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அழைத்தார். “மெய்ச்சுன், வளைவு வருது. பாத்து வா.”

புதிய இடுகாட்டில் கம்பை இறக்கியபோதுதான் உறைத்தது. பைன் மரத்துக் கிளைப்பாதையில் கால்கள் பழக்க தோஷத்தில் சுமைக்காரர்களின் குறுக்குவழிக்குத் திரும்பியிருந்தன. அந்தச் செங்குத்தில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. அவருக்குச் சோறு கொண்டுவந்தால் கிளைப்பாதையோடு நின்றுவிடுவாள். கூப்பிட்டால், என் நிழல்கூட அங்கே இறங்காது என்பாள்.

குழி வெட்டியவரிடம் மூட்டையை ஒப்படைத்துவிட்டு மறுபடி ஏறினார். பைன் மரத்தடியில் நின்று மூன்று தடவை அழைத்தார். பிறகு படிக்கட்டு வழியாக, அவளுக்கு மூட்டுவலி என்பதால், பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கினார். அழைத்து வரும் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை.

அடிவாரத்தில் பூங்கா வாசல் காவலாளி அவரை வெளியே விட்டுவிட்டு, நேரமாகிவிட்டதென்று கதவைச் சாத்தப் போனான்.

“கொஞ்சம் இருப்பா,” என்றார் கெங்ஷெங். “மெதுவாத்தான் வருவா.”

காவலாளி காலியான படிகளைப் பார்த்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் வந்து சேர எவ்வளவு நேரம் போதும் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு இடுகாட்டில், குழியில் மண் விழும்போதும் அவர் மலையைப் பார்த்தே நின்றார்.