நாலு பேருக்கு மூன்று மாதம்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து போன பிறகு, என் மகனுக்குச் சாப்பாட்டுச் சாமான் சேர்க்கும் பைத்தியம் பிடித்தது. அடுத்த வெள்ளம் வந்தாலும், கடையெல்லாம் மூடிக் கிடந்தாலும், மூன்று மாதத்துக்கு வெளியே போகாமல் சாப்பிட வேண்டுமாம். சாமான் வைக்க மாடியில் என் அறையைத்தான் பிடித்தான். "இதான்மா சேஃப்பான இடம்" என்றான். சரிதான், என்னைப் பார்த்தால் எலிகூட உள்ளே வராது.

செலாயாங் பாசார் மொத்தச் சந்தையிலிருந்து அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய், சார்டின் டின் என்று வண்டி வண்டியாக வந்து இறங்கியது. வாங்கியதோடு அவன் வேலை முடிந்தது. அரிசியைப் புடைத்து, காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு, தோங்கு என்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் இறுக்கி மூடியது நான். மாதம் ஒரு தடவை பழையதை எடுத்துச் சமைத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். மறந்தால் வண்டு குடித்தனம் வந்துவிடும். படுத்துக் காலை நீட்டினால் கடலைப் பருப்பு இடித்தது.

மகன் கதவில் ஒரு பேப்பர் ஒட்டினான். எல்லாம் இங்கிலீஷ். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நம்பர் தெரியும். மூன்று இருந்தது, அது மாதம். அதற்கு மேலே நான்கு.

வீட்டில் அவன், மருமகள், இரண்டு பேத்திகள், நான். விரலை மடக்கிப் பார்த்தேன், ஐந்து வந்தது. இன்னொரு தடவை மடக்கினேன். மறுபடியும் ஐந்து.

"ஏன்டா தம்பி, இந்த நாலு என்ன?"

"நாலு பேரும்மா."

"அப்ப யாரு ஊருக்குப் போறா? சொன்னா துணிமணி எடுத்து வெப்பேன்ல?"

அவன் சிரிக்கவில்லை. "அது இல்லம்மா. நீங்க என்னத்த சாப்பிடுறீங்க, கோழிக்குஞ்சு மாதிரி. வெள்ளத்தப்ப ரெண்டு நாளு மாடியில இருந்தோம், ஒரு பிஸ்கட்கூட நீங்க தொடல. நான் பாத்தேன்ல?"

பார்த்திருக்கிறான். அந்த இரண்டு நாளும் எங்களிடம் இருந்தது அரை டின் பிஸ்கட். வயிறு சரியில்லை என்று சொல்லி அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன். நான் சொன்ன பொய்யை நம்பியதற்கு அவனை எப்படிக் குறை சொல்வது? அதை வைத்து என்னைக் கணக்கிலிருந்து கழிப்பான் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

"மாத்திடுறேன் லா, கோவிக்காதீங்க" என்று பேனாவை எடுத்தான். நான்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று, அதன் கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு. நாலரை பேர்.

"எந்தப் பாதிடா நானு? மேலயா, கீழயா?"

"ஜோக் அடிக்காதீங்க லா, மா."

மறுநாள் மத்தியானம் சோறு வடித்ததும் முதல் தட்டை எனக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்டவள் நான். பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். மருமகள் சட்டியைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, அவ்வளவு பசியா?"

"பசி இல்லம்மா. முழு ஆளாச் சாப்பிட்டுப் பழகுறேன்."

பாதித் தட்டிலேயே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. இருந்தாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.