சீயக்காய் போட்ட மோட்டார்

டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த நான், தோட்டத் துரை ஒருவர் கழித்துவிட்ட பழைய பிரெஞ்சு மோட்டார் காரை வாங்கினேன். கனமான பின்கூண்டைக் கழற்றி எறிந்தேன், புகைக்குழாயை அகலமாக்கினேன். அடடா, என்ன உறுமல்! நான் ஓட்டிய வேகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, பைய! பைய!" என்று தெருவே அலறியது.

ஆழ்வார்திருநகரியில் இருந்த மைத்துனனிடம், மறுநாள் அவன் வீட்டுக்குக் காரிலேயே வருவதாகச் சவால் விட்டிருந்தேன். ஒத்திகை பார்க்கப் போனால், ஆற்றங்கரை மேட்டில் எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை! எஞ்சினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்சில் ஒரு தோல் உண்டு. அது காய்ந்துவிடக் கூடாதென்று நான்தான் நல்லெண்ணெயை வழிய வழியப் பூசியிருந்தேன். தோல் வழுக்கியது.

காளைகளைக் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சனிக்கிழமை எண்ணெய் தேச்சா அப்படியேவா கடைக்குப் போவிய? சீயக்காய் போடுங்க!"

அவளே குழைத்துத் தந்தாள். தோலைக் கழற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினேன்.

மறுநாள் அவளும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அதே மேட்டில் கார் சீறிக்கொண்டு ஏறியது! பயந்திருப்பாளே என்று வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் பைய போறிய?" என்றாள்.

ஊரில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளை அதுவரை ஒருநாள்கூட நான் காரில் ஏறச் சொன்னதில்லை.