வேட்டி நுனியைப் படித்த ஜெயகுமாரி

ரங்கூனில் தாமுவே சந்தைக்குப் பின்னால் சலவைக்கடை வைத்திருந்த ஜெயகுமாரி, ஆண்டாளின் மூத்த மகள். ஆண்டாள் கண்ணை மூடிய பிறகு தம்பி கோபிகிருஷ்ணனுக்குத் தாயும் அவள்தான், தகப்பனும் அவள்தான். அந்தத் தம்பி அம்மன் கோயிலில் நகைப்பெட்டிச் சாவி வைத்திருந்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம், திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பெட்டியைத் திறந்தார்கள். அம்மனின் வெள்ளி முகம் இருந்த இடத்தில் கந்தல் துணி சுற்றிய கருங்கல் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் கனம் தெரியவேண்டும் என்று வைத்தது.

கமிட்டிக்காரர் பழனியப்பன்தான் முதலில் துள்ளினார். "சாவி இவன்கிட்டதானே இருந்துச்சு? ஞாயித்துக்கெழமைக்குள்ள முகம் வரணும். வரலேன்னா போலீசுதான்!"

இன்னொரு சாவி கமிட்டி அறையில் தொங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தம்பி சோற்றைத் தொடவில்லை. "அக்கா, என்னை உள்ள தள்ளிடுவாங்களா?"

"நான் செத்தாடா போனேன்?" என்று தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் கோயிலுக்குப் போய்க் கல்லைச் சுற்றியிருந்த துணியைக் கேட்டாள். "கந்தலை வெச்சு என்னம்மா செய்வே?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து நுனியைத் திருப்பினாள். இரண்டு புள்ளி, ஒரு கோடு. எத்தனை வெளுப்புக்கும் போகாத கறுப்பு. வண்ணார் துணியில் குறி போடும் சேங்கொட்டைச் சாறு! ரங்கூனில் அவள் அறிந்த சலவைக்கடை எல்லாவற்றிலும் வண்ண நூலால்தான் அடையாளம் தைப்பார்கள். சேங்கொட்டையை விடாதவர் ஒரே ஒருவர்: ஆண்டாளின் தம்பி, பெகுப் பக்கத்துக் கிராமத்தில் வெளுக்கும் துரைசாமி மாமா.

விடிகாலை ரயில் பிடித்தாள். வயல்வரப்பில் சேறு மிதித்து மாமா வீட்டுக்குப் போய்த் துணியை நீட்டினாள்.

மாமா ஒரு பார்வைதான் பார்த்தார். "இது நம்ம பழனியப்பன் வீட்டுக் குறியாச்சே! மாசாமாசம் இங்க தன் வயல் நெல்லைப் பார்க்க வர்றப்ப மூட்டையா வேட்டி கொண்டாருவார். டவுன்ல கூலி ஜாஸ்தியாம்."

"கெளம்புங்க மாமா," என்றாள் ஜெயகுமாரி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையக் கூட்டம். கோபிகிருஷ்ணன் தலை குனிந்து நின்றான். அவள் நேராகப் பழனியப்பன் முன்னால் போனாள்.

"ஊ பழனியப்பன்," என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டாள். "கட்டியிருக்கிற வேட்டி நுனியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

"சபையில பேசுற பேச்சா இது?"

"ஏன், கிழிசலா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோயில் கமிட்டித் தலைவரே குனிந்து திருப்பினார். இரண்டு புள்ளி, ஒரு கோடு. பக்கத்திலேயே கந்தலை விரித்தாள் அவள்.

"முப்பது வருஷமா என் கையால போடுற குறி," என்றார் மாமா.

"எ... எவனோ என் வேட்டியைத் திருடியிருப்பான்!"

"இருக்கலாம். அப்ப, கிராமத்துல உங்க நெல்லுப் பத்தாயத்தைத் தொறந்து பாத்துடுவமா?"

பத்தாயத்துக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. குருட்டாம்போக்கில் வீசிய கல். ஆனால் பழனியப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நான்கு பேர் போய் நெல்லுக்கடியிலிருந்து அம்மன் முகத்தைக் கொண்டுவந்தார்கள். திருவிழாவில் அதைத் தட்டில் ஏந்தி முன்னால் நடக்கவேண்டும் என்று கோபிகிருஷ்ணனைத் தலைவரே கைகூப்பி அழைத்தார். பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அக்காள் போட்ட குலவை அக்கரையிலிருக்கும் தாகேதா வரைக்கும் கேட்டிருக்கும்.